சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து வருகின்றவர்கள் பள்ளிக்கூடப் பலகைகளைப் படித்துக்கொண்டே வரலாம். ஒன்றில் ஆங்கிலப் புனிதர் ஒருவரின் பெயர் இருக்கும். ஒன்றில் ஆக்ஸ்போர்டு இருக்கும். அடுத்த தெருவிலேயே கேம்பிரிட்ஜ் இருக்கும். இங்கிலாந்தில் அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நெடுந்தொலைவு. நம் ஊரில் நடுவே ஒரு மளிகைக் கடைதான். சில பலகைகளில் ‘பிரிப்பரேட்டரி’ என்னும் சொல்லும் காணப்படுகின்றது. ஆயத்தப் பள்ளி என்று அதைத் தமிழில் சொல்லலாம். எதற்கு ஆயத்தம் என்று நம்மில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் இச்சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. ஏழெட்டு வயதுப் பிள்ளையைப் பதின்மூன்று வயது வரை பழக்கி, ஈட்டன், ஹாரோ போன்ற ‘பப்ளிக் ஸ்கூல்’களின் நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வதே அங்குள்ள பிரிப்பரேட்டரி பள்ளியின் வேலை. ‘பப்ளிக்’ என்று பெயர். பொதுமக்கள் மட்டும் அதில் எளிதில் நுழைய முடியாது! பெயர் வைப்பதில் வெள்ளைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

இவ்வகைக் கல்வியைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்கள் அதற்கெனக் குளிர்ந்த இடங்களைத் தேடினர். நீலகிரியில் லவ்டேல் பள்ளி 1858-இல் தோன்றியது. மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென 1899-இல் குன்னூரில் தொடங்கிய ஹெப்ரான் பள்ளி பின்னர் உதகைக்கு இடம் பெயர்ந்து, இன்றும் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தையே கற்பித்து வருகின்றது. இலங்கையில் கொள்ளுப்பிட்டியில் 1938-இல் தொடங்கிய புனித தோமையார் ஆயத்தப் பள்ளிக்குப் பெயரிலேயே அச்சொல் இருக்கின்றது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்த பள்ளி நம் சென்னையிலேயே இருக்கின்றது என்பதையும், அதன் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் நான் அறிந்தது அண்மையில்தான். அப்பங்கைப் பற்றி எழுதவே இக்கட்டுரை.

1715-ஆம் ஆண்டு. கோட்டைக்குள் புனித மரியாள் ஆலயத்தின் குருவாக இருந்தவர் வில்லியம் ஸ்டீவன்சன். அவருடைய முயற்சியால் அவ்வாலயத்தைச் சார்ந்து ஒரு தருமப் பள்ளி எழுந்தது. கவனியுங்கள், தருமப் பள்ளி. கப்பலில் வந்து காய்ச்சலிலும் போரிலும் மாண்ட சிப்பாய்களின் பிள்ளைகள், தந்தை யாரென்றே அறியாத பிள்ளைகள், சோற்றுக்கு வழியற்ற பிள்ளைகள் ஆகியோருக்காக அது தொடங்கப்பட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று நாம் காணும் செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலோ-இந்தியப் பள்ளியின் வேர் அதுதான். 2015-இல் அப்பள்ளி முந்நூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. லவ்டேலும் அப்படியே, படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கென்றே முதலில் ஏற்பட்டது. இன்று நம் பெற்றோர் கட்டணத்தைக் கேட்டே வியர்க்கும் ஒரு கல்வி முறை, அனாதைகளின் கஞ்சித் தொட்டியருகே பிறந்தது என்றால் நம்ப முடிகின்றதா?

இனித்தான் கதை சுவைக்கின்றது.

1787-இல் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் சென்னைக்கு வந்து இறங்கினார். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 1753-இல் பிறந்தவர். சமய குரு, பல படைப் பிரிவுகளுக்கு ஒரே சமயத்தில் குருவாக இருந்து நன்றாகவே பொருளீட்டியவர். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கென ஓர் அனாதை விடுதி திறக்கப்பட்டபோது அதன் மேற்பார்வையை ஏற்றார். அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளைக்காரத் தந்தைக்கும் நம் நாட்டுத் தாய்க்கும் பிறந்தவர்கள். ஆசிரியர்களோ மிகச் சிலர். அவர்களுக்கும் வேலையில் ஈடுபாடு இல்லை. பிள்ளைகள் மாதக்கணக்கில் எழுத்துக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பெல் குதிரையேறிச் சென்றுகொண்டிருந்தபோது ‘மலபார் பள்ளி’ ஒன்றைக் கண்டாராம். மலபார் என்றதும் கேரளத்தை எண்ண வேண்டாம். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழர்களைத்தான் அப்படி அழைத்தனர். அது நம் திண்ணைப் பள்ளி! பிள்ளைகள் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதியதை உரக்கச் சொல்லி, அழித்து மீண்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாளும் இல்லை, மையும் இல்லை, செலவும் இல்லை. கையும் கண்ணும் வாயும் காதும் ஒருங்கே பயில்கின்றன. பெல் குதிரையைத் திருப்பிக்கொண்டு விடுதிக்கு விரைந்தார்.

விடுதி ஆசிரியர்களோ, மணலில் எழுதக் கற்பிப்பது ஆகாத காரியம் என்று மறுத்துவிட்டனர். பார்த்தார் பெல். எழுத்துக் கற்றிருந்த ஜான் ஃப்ரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர்களால் ஆகாதென்று சொல்லப்பட்ட வேலையை அச்சிறுவன் செய்து காட்டினான். அடுத்தடுத்த வகுப்புகளும் அப்படியே மூத்த மாணவர்களின் கைக்கு வந்தன. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பது, சொல்லிக் கொடுப்பதாலேயே தானும் நன்றாகக் கற்பது என்னும் முறை உருவாயிற்று.

இது நமக்குப் புதிதா? ‘சட்டாம்பிள்ளை’ என்னும் சொல்லைக் கேளாதவர் நம்மில் உண்டா? வாத்தியார் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் பிரம்பை எடுத்துக்கொண்டு சிறியவர்களுக்கு எண்சுவடி ஒப்பிக்கச் சொல்லும் மூத்த பையன்தானே சட்டாம்பிள்ளை? நம் பாட்டிமார்கள் கேலிக்குச் சொல்லும் அந்தப் பெயருக்குரியவரைத்தான் பெல் ‘மானிட்டர்’ என்று பெயர் மாற்றிக் கப்பலேற்றினார். இம்முறை அதற்கும் பழையது என்பதற்குச் சான்று உண்டு. 1623-இல் கன்னட நாட்டு வழியாகப் பயணம் செய்த பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியர், சிறுவர்கள் ஆசானின்றித் தாங்களே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லி மணலில் எழுதிக் கற்றதைக் கண்டு குறித்து வைத்திருக்கிறார்.

1796-இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டே தம் சென்னைச் சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 1798-இல் இலண்டன் ஆல்ட்கேட்டில் ஒரு தருமப் பள்ளி இம்முறையை மேற்கொண்டது. அதே ஆண்டு ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையில் ஒரு பள்ளி தொடங்கினார். முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று அவர் கட்சிக்கும் பெல் கட்சிக்கும் ஆண்டுக்கணக்கில் சண்டை. (இருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதைச் சொல்ல அங்கே நம்மவர் எவரும் இல்லை.) 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபை ஏழைகளின் கல்விக்கென ‘நேஷனல் சொசைட்டி’யை நிறுவியபோது பெல்லின் முறையையே கைக்கொண்டது. 1832-இல் அவர் மறைந்தபோது இம்முறையைப் பின்பற்றிய பள்ளிகள் 12,000-க்கும் மேல். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற பொருளால் பிறந்த ஊரில் 1833-இல் ஒரு பள்ளி எழுந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? மெட்ராஸ் கல்லூரி! ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் இன்றும் அதே பெயருள்ள பள்ளியில்தான் படிக்கின்றார்கள். ஆக்ஸ்போர்டு என்று நாம் பலகை மாட்டுவதற்கு முன்னரே அவர்கள் மெட்ராஸ் என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

பெல் மறைந்த இரண்டாம் ஆண்டில், 1834-இல், மெக்காலே சென்னையில் வந்திறங்கி உதகைக்குப் போனார். 1835-இல் அவர் எழுதிய குறிப்பு நாமெல்லாரும் அறிந்ததே. இந்நாட்டுக் கல்வியில் கொள்ளத்தக்கது ஏதுமில்லை என்னும் தோரணையில் அவர் எழுதிய அதே வேளையில், அவர் நாட்டு ஏழைப் பிள்ளைகள் பலர் நம் திண்ணையின் பாணியில் மணலில் எழுதிக்கொண்டிருந்தனர்.

இவ்விடத்தில் நம் விடுதி நண்பர்களின் விவாதத்தைக் குறிப்பிட வேண்டும். ஒரு சாரார், “வெள்ளைக்காரன் வரவில்லையென்றால் நாமெல்லாம் மாடு மேய்த்திருப்போம்” என்கின்றனர். மறு சாரார், “எல்லாம் நம்மிடமே இருந்தது, அவன்தான் திருடினான்” என்று மார் தட்டுகின்றனர். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை.

மார் தட்டுவோர்க்கு முதலில் சொல்கின்றேன். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் கிடைத்த தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். அண்மைக் காலம்வரை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்ததைவிட இது மேலான நிலை என்று மன்றோவே எழுதினார். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அக்கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணையின் படியே எட்டாது. என் தாத்தா வண்டலூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவ்வூரிலும் திண்ணைப் பள்ளி இருந்ததாம். பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் ஓசை வயல் வரை கேட்குமாம். அவருக்கு எண்சுவடியில் பாதி மனப்பாடம். எழுத மட்டும் தெரியாது. காது போன தூரம் கால் போகக் கூடவில்லை. அந்த மணலில் என் குடும்பத்தார் விரல் பட்டதில்லை. எனவே ‘நம் திண்ணை’ என்று மேலே எழுதும்போதெல்லாம் என் பேனா சற்றுத் தயங்கியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

கதவைத் திறந்தவர்களில் கிறித்தவப் பள்ளிகளுக்கு முக்கிய இடம் உண்டு. நம் தாம்பரத்துக்குப் பெருமை சேர்க்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்து மிஷனரியால் நகருக்குள் பள்ளியாகத் தொடங்கப்பட்டு, சரியாக நூறாண்டு கழித்து 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது அது. தொடக்க காலத்தில் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளை அப்பள்ளியில் சேர்த்தபோது மற்ற மாணவர் பலர் விலகிப் போயினர். ஆண்டர்சன் சேர்த்தவர்களை நீக்க மறுத்துவிட்டார். வகுப்பு காலியானாலும் சரி என்று நின்ற அந்த ஒரு மறுப்புக்கு நான் தலை வணங்குகின்றேன். நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1890-களில் ஆடம் ஆண்ட்ரூ என்னும் மிஷனரி ஒடுக்கப்பட்ட மக்களின் நிலத்துக்கும் கல்விக்கும் வாதாடினார். கிறித்தவரல்லாத கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரர் வராவிட்டால் என்று பேசும் நண்பர்களுக்கு அடுத்தது. பெல் நமக்காக அழுதவர் அல்லர். ஏழைப் பிள்ளைகளுக்கு எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும் முழுவதும் கற்பிக்க வேண்டுவதில்லை. உழைக்கப் பிறந்தவர்களின் மனத்தை அவர்கள் நிலைக்கு மேலே உயர்த்திவிட்டால் அவர்கள் தங்கள் நிலையில் அமைதியற்றுப் போவார்கள் என்னும் கருத்துப்பட எழுதியவரும் அவரேதான். அவருடைய முறை இங்கிலாந்தில் பரவியதற்குப் பெரிய காரணம் அதன் சிறப்பு அன்று, அதன் மலிவு! நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்றால் எந்தச் சீமான்தான் வேண்டாமென்பார்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர். ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை. புரிந்தும் புரியாமலும் ஒப்பிப்பதே பாடமாயிற்று. பின்னர் 1846-இல் அரசாங்கம் ஊதியமும் பயிற்சியும் கொடுத்து மாணவ-ஆசிரியர்களை அமர்த்தும் திட்டத்தைக் கொண்டுவர, பழைய முறை மெல்ல ஒதுங்கிற்று.

என் தாய் பதினொரு ஆண்டுகளாக ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஆயாவாக வேலை பார்க்கின்றார். பழைய பள்ளி, சிறு பிள்ளைகள் பயிலும் பள்ளி. ஐந்தாம் வகுப்போடு தம் படிப்பை நிறுத்திக்கொண்டவர் அவர். அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுக் கேட்டு, ஆங்கில எழுத்து இருபத்தாறையும் கற்றுக்கொண்டுவிட்டார். ஒரு நாள் என் இயற்பியல் நூலின் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஏன்டி, பி-யும் எச்-சும் சேர்ந்தா ஃப-வாடி? இதை யாருமே சொல்லித் தரலியே!” என்றார். நான் பெல்லின் கதையை அவருக்குச் சொன்னேன். “அது என்னடி அதிசயம்? அக்கா படிச்சா தங்கச்சிக்குச் சொல்லித் தரமாட்டாளா?” என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். பன்னீராயிரம் பள்ளிகளின் தத்துவம் இவ்வளவுதான் போலும்!

அத்தகைய பள்ளிகளின்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அங்கே பிள்ளைகளை அடிப்பதில்லை. கேள்வி கேட்டால் அதட்டுவதில்லை. மேடையேறிப் பேசப் பழக்குகின்றார்கள் என்று அம்மா சொல்வார். இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டியவை. ஆனால் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கின்றது. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்று 2025-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஐயம் எழுப்பிப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பினர். சிறுபான்மையினர் தம் பள்ளிகளைத் தாமே நடத்தும் உரிமையை நான் மதிக்கின்றேன். அது பறிக்கப்பட்டால் நாளை வேறு பலவும் பறிபோகும். எனினும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது ஒன்று. தொடங்கியவர் நோக்கம் என்ன என்பது மற்றொன்று. 1715-இல் ஸ்டீவன்சனைச் சட்டமா கட்டாயப்படுத்தியது? அனாதைப் பிள்ளைகளின் பெயரால் எழுந்த கட்டடங்களில் ஆயாவின் பிள்ளைக்கு எத்தனை நாற்காலி என்று கேட்க உரிமை உண்டென்றே கருதுகின்றேன்.

ஆங்கிலக் கல்வி அளிப்பது எல்லாம் நன்மையே என்று எண்ணுவோர் இலங்கையை ஒரு கணம் நோக்கலாம். பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒரே புனித தோமையார் கல்லூரியின் மாணவர்கள். ஒருவர் 1956-இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார். மற்றவர் அதை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடினார். இருவரும் ஆங்கிலத்தில் அழகாகப் பேசி 1957-இல் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். அது நிலைக்கவில்லை. நல்ல ஆங்கிலத்தால் தீராத வழக்குகளும் உலகில் உண்டு.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். நம் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். குறுக்கீட்டு விளைவு என்றால் விளக்குவோம். இன்டர்ஃபெரன்ஸ் என்றால் விழிப்போம். உந்தம் தெரியும், மொமென்டம் தெரியாது. அறிவில் குறைவில்லை, பெயரில்தான் தடுமாற்றம். முதற்பருவத்திலேயே இத்தடுமாற்றத்தால் மனமுடைந்து நின்றுபோன தோழியர் இருவர். ஒருத்தி இப்போது துணிக்கடையில் நிற்கின்றாள். சந்தித்தால் முகம் திருப்பிக்கொள்கின்றாள்.

எனக்கும் அந்த நிலை வந்திருக்கும். காத்தவர் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர். ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் நான் கை நடுங்க நின்றபோது அவர் வந்து, “முதல்ல சன்னல் வழியா அந்தத் தென்னை மரத்தைப் பாரும்மா. அது தெளிவாத் தெரியற வரைக்கும் திருகு. பாதி வேலை முடிஞ்சிடும்” என்றார்.

“அக்கா, மரம் தலைகீழாத் தெரியுதே!”

“தலைகீழாத்தான் தெரியும். பயப்படாதே.”

இரண்டு நிமிடப் பாடம். ஏன் தலைகீழ், ஏன் தொலைவிலுள்ள மரம் என்பதைப் பேராசிரியர் பின்னர் வகுப்பில் படம் வரைந்து விளக்கியபோது மனத்தில் பசுமரத்தாணியாய்ப் பதிந்தது. ஆனால் அந்தத் தென்னை மரம் இல்லையேல் நான் அந்த வகுப்புவரை வந்திருக்கமாட்டேன்.

ஆகவே என் கோரிக்கை இது. காலைப் பிரிவு முடிந்து மாலைப் பிரிவு தொடங்குமுன் சில வகுப்பறைகள் சும்மா இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை வாரத்தில் மூன்று நாள், அரைமணி நேரம், முதலாண்டு மாணவர்க்கெனத் தர வேண்டும். கற்பிப்பவர்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள். பாடநூலின் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழக வேண்டும்; கருவிகளைக் கையில் எடுத்துப் பழக வேண்டும். பிரம்பு மட்டும் வேண்டாம்.

ஒரு நிபந்தனையும் உண்டு. இதைக் காட்டி, ‘மாணவர்களே கற்பித்துக்கொள்கிறார்களே, ஆசிரியர் எதற்கு?’ என்று எவரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்களுக்குப் பதிலாகக் கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்து வருவதை நாம் அறிவோம். என் ஐயங்களுக்கு உணவு இடைவேளையிலும் பதில் சொல்பவர்களில் பலர் அவர்களே. பெல்லின் முறையை மலிவுக்காக வாங்கியவர்கள் செய்த தவறு இங்கேயும் நேர வேண்டியதில்லை. சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குத் துணை. வாத்தியாருக்குப் பதில் அல்லன்.

இதுவரை பெயர் கொடுத்துள்ளவர்கள் இயற்பியலில் ஐவர், வேதியியலில் மூவர். கணிதத் துறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள்தான் மிகவும் தேவை. விருப்பமுள்ளோர் நூலகத்துக்கு எதிரிலுள்ள அறிவிப்புப் பலகையில் தம் பெயரை எழுதி வைக்கலாம். முதல் வாரத்தில் வெர்னியர் அளவுகோலும் திருகளவியும். இரண்டாம் வாரத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர். தென்னை மரம் இன்னும் சன்னலுக்கு வெளியேதான் இருக்கின்றது.